ரெண்டே கால் வளையல்

அன்றைக்கு எங்கள் வீட்டில் இருந்தவர்கள் இவ்வளவு பேர்தான். நான். பட்டறைக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்த எங்க வீட்டுக்காரர். கூடத்தில் மூட்டையை அவிழ்த்துப் பரப்பிக்கொண்டிருந்த வளையல்காரர். வாசப்படிக்கு வெளியே பக்கத்து வீட்டு அக்கா. புருஷன் போனவள் இந்த மாதிரி சடங்குக்கு உள்ளே வரக்கூடாது என்று அவளாகவே அங்கே நின்றுகொண்டாள். அவளுக்கும் பின்னால் தெருவில், கூடையைத் தலையிலிருந்து இறக்காமல் கீரைக்காரம்மா. சேரியிலிருந்து வருகிறவள், எங்கள் தெருவில் எந்த வீட்டிலும் அவளை உள்ளே விடுகிற வழக்கம் இல்லை. வயிற்றில் இருந்ததையும் சேர்த்தால் ஆறு. என் வளைகாப்புக்குக் கூடிய கூட்டம் அது.

புளி சாதம், எலுமிச்சை சாதம், தயிர் சாதம் மூன்றையும் நானே வடித்து நானே கிளறி வைத்திருந்தேன். தன் வளைகாப்புக்குத் தானே சமைத்த பெண் அம்பத்தூரில் என்னைத் தவிர வேறு யாராவது இருப்பாளா என்று தெரியாது. அம்மா எனக்கு விவரம் தெரியும் முன்பே போய்விட்டாள். மாமியார் மூன்று தெரு தள்ளித்தான் இருந்தாள். வரவில்லை.

அவள் வராததற்குக் காரணம் உண்டு. மாமனார் இறந்த பிறகு ஏரிக்குக் கீழே இருந்த நஞ்சையைப் பங்கு போட்டதில் அண்ணன் தம்பிக்குள் பேச்சு முற்றி, எங்க வீட்டுக்காரர் ஒரு பானையும் ஒரு பாயும் எடுத்துக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு வெளியே வந்தார். மாமியார் மூத்த பிள்ளையோடு தங்கிவிட்டாள். இவர் பெரம்பூரில் ரயில் பட்டறையில் சேர்ந்தார். அதோடு போயிருந்தால்கூட ஒருநாள் ஒட்டியிருக்கும். ஆனால் அதற்கு முந்தின வருஷம், மழை நாளில், கிணற்றடிப் பாசியில் குடத்தோடு வழுக்கி விழுந்து, நாலு மாசத்துக் கரு எனக்குக் கலைந்துபோனது. அப்போது அவள் சொன்னாள்: "ஒரு கொடம் தண்ணிய ஒழுங்கா தூக்கத் தெர்ல, இதுக்கு ஒரு புள்ள கேக்குது." இடுப்பு வலி போய்விட்டது. அந்த வார்த்தை போகவில்லை.

அதனால்தான் இந்தத் தடவை இந்தப் பிள்ளையைக் காப்பாற்றியே ஆகவேண்டும் என்று இருந்தேன். வேறு எதுவும் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

வளையல்காரர் பூந்தமல்லிப் பக்கத்திலிருந்து நடந்து, பருத்திப்பட்டு ஏரிக்கரை வழியாக எங்கள் ஊருக்கு வருகிறவர். வயசானவர். வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பம். பெண்களை எல்லாம் 'தல்லி' என்றுதான் கூப்பிடுவார், அம்மா என்று அர்த்தம். என் கையைப் பிடித்து, கட்டை விரலை உள்ளே மடக்கி, ஒரு அமுக்கு அமுக்கிப் பார்த்தார்.

"ரெண்டே கால். பொம்மை கை தல்லி உனக்கு."

"பெருசா போடுங்க" என்றேன். "உடைஞ்சிட்டா?"

"பெருசா போட்டா கயண்டு கிணத்துல பூடும். சின்னதா போட்டா கைய அறுக்கும். நான் போட்டா எதுவும் ஆவாது. நாப்பது வருசமா பொம்பளைங்க கைய புடிச்சிகினு கீறேன்."

"உங்க ஊட்ல ஒண்ணும் சொல்லலியா?" என்று வாசலிலிருந்து அக்கா கேட்டாள்.

"அவளும் கைய புடிச்சி வந்தவதானே" என்றார் அவர். எங்க வீட்டுக்காரர்கூடச் சிரித்துவிட்டார்.

முதலில் வேப்பிலைக் காப்பு போடவேண்டும், பிறகுதான் கண்ணாடி. அதைச் சுமங்கலி போடவேண்டும். உள்ளே யாரும் இல்லை. கீரைக்காரம்மாவுக்குப் புருஷன் இருந்தான், ஏழு பிள்ளைகள் இருந்தார்கள். அவள் தெருவோரத்து வேப்பமரத்தில் ஒரு கொழுந்தை ஒடித்து, வளைத்து முடிந்து, எட்டி எங்கள் வாசப்படியில் வைத்தாள். "எடுத்துப் போட்டுக்கம்மா. என் வயிறு ராசியான வயிறு" என்றாள். நான் குனியக்கூடாது என்று எங்க வீட்டுக்காரர்தான் எடுத்துக் கொடுத்தார். நானே போட்டுக்கொண்டேன்.

பச்சையும் சிவப்புமாக இரண்டு கையும் நிறைந்தது. வலது கைக்கு ஒன்று கூடுதல். பன்னிரண்டணா என்றார். வீட்டுக்காரர் மடியைத் தடவி அஞ்சணா கொடுத்தார்.

"மிச்சம் சம்பளம் வந்ததும் குடுக்கறேன் நைனா."

"வளகாப்பு வளையல் கடனுக்குப் போடறது இல்ல சாமி." முகத்தைச் சுளித்தார். அப்புறம் என் கையைப் பார்த்தார். போட்டாயிற்று, இனி கழற்ற முடியாது. "சரி, அடுத்த நட வர்றேன். தல்லி, இத புள்ள பொறக்கற வரைக்கும் கயட்டாத. உடைஞ்சாலும் உடைஞ்சுதுன்னு சொல்லாத, பெருகிச்சுன்னு சொல்லு. உள்ள கீறது இந்த சத்தத்த கேட்டுகினு வளரும்."

அந்த வார்த்தையை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

மூன்றாங் கிளாஸோடு என் படிப்பு நின்றது. அதற்கப்புறம் கற்றதெல்லாம் நாலு பேர் சொன்னதுதான். நாலு பேரும் நாலு விதமாகச் சொன்னார்கள். பப்பாளி தின்னாதே. உச்சி வேளையில் புளியமரத்தடியில் போகாதே. வெளியே போனால் கையில் ஒரு இரும்புத் துண்டு வைத்துக்கொள். வாசப்படியில் உட்காராதே. படுத்தபடியே புரளாதே, எழுந்து உட்கார்ந்து பிறகு மறுபக்கம் படு, இல்லாவிட்டால் கொடி சுற்றும். எல்லாவற்றையும் செய்தேன். ராத்திரி ஒவ்வொரு தடவையும் எழுந்து உட்கார்ந்து திரும்பிப் படுப்பதில் எனக்கும் தூக்கம் இல்லை, அவருக்கும் இல்லை.

"நேத்து இடி. முந்தாநாளு பூனை குறுக்கால போச்சு. இன்னிக்கு இன்னா?" என்பார். "நீ பயப்படாத நாளு ஒண்ணு சொல்லு, அன்னிக்கு நான் பட்டறைல எல்லாருக்கும் மிட்டாய் குடுக்கறேன்."

கெட்ட மனுஷர் இல்லை. விடியுமுன் எழுந்து எனக்காகத் தண்ணீர் இழுத்துத் தொட்டியை நிரப்பிவிட்டுத்தான் ரயிலுக்குப் போவார். ஆம்பிளை தண்ணி இழுக்கிறான் என்று கிணற்றடியில் சிரிப்பார்கள். அதைத் தாங்கிக்கொண்டார். என் பயத்தைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

வளையல் வந்த பிறகு நான் இன்னும் ஜாக்கிரதை ஆனேன். கயிறு பிடித்தால் வளையல் உடையும், ஆட்டுக்கல்லில் கை வைத்தால் உடையும், விறகு பிளந்தால் உடையும். எனவே ஒன்றும் செய்யவில்லை. ஒரு கஞ்சி, ஒரு துவையல், அதோடு அடுப்பை அணைத்துவிடுவேன். உப்புக் கருவாடு மட்டும் நாக்குக்குக் கேட்டது. நிறையச் சுட்டுத் தின்றேன். பிறகு பகல் முழுக்கச் சும்மா இருக்கவேண்டும். வேலை செய்கிறவளுக்குப் பகல் சின்னது. சும்மா இருக்கிறவளுக்கு அது ஏரி மாதிரி கிடக்கும்.

யுத்தக் காலம். ஆவடிப் பக்கம் பட்டாளத்துக்குக் கொட்டகை போடுகிறார்கள் என்று லாரிகள் போய்க்கொண்டே இருக்கும். சில நாள் ஏரோப்ளேன் தாழப் பறக்கும். வயிற்றை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு சுவரோரம் நிற்பேன், ஏதோ என் கைதான் அதைத் தடுக்கப்போவது மாதிரி. அறுப்புக்கு ஆள் போதவில்லை என்று அண்ணன் கூப்பிட்டனுப்ப, பக்கத்து வீட்டு அக்கா செம்பரம்பாக்கத்துக்குப் போய்விட்டாள். அவள் கதவில் பூட்டு தொங்கிய நாளிலிருந்து என்னிடம் பேசிய குரல் காலையில் "கீரேய்" என்பதும், பொழுது சாய்ந்து "சோறு ஆச்சா" என்பதும்தான். நடுவில் நானே பேசிக்கொள்வேன். கையை ஆட்டி வளையலைக் குலுக்கி, "கேக்குதா? நான்தான்" என்பேன். அது உள்ளே ஒரு உதை விடும். அன்றைக்கு எனக்கு அது போதும்.

ஒன்பதாம் மாசம் பிறப்பதற்குள் வளையல் சத்தம் குறைந்தது.

முதலில் கவனிக்கவில்லை. குலுக்கினேன், கலகலவென்று வரவில்லை. ஒன்றோடு ஒன்று உரசி, மணலை மிதித்த மாதிரி ஒரு சத்தம். இரண்டு நாள் கழித்து அதுவும் இல்லை. வளையல்கள் மணிக்கட்டில் அப்படியே நின்றன. நடுவில் சதை பிதுங்கியது. காலையில் எழுந்தால் விரலை மடக்க முடியவில்லை. கிழவன் ஏமாற்றிவிட்டான், சின்ன வளையலைத் தலையில் கட்டிவிட்டான் என்று நினைத்தேன். மிச்சப் பணத்துக்கு வரட்டும், கேட்கிறேன் என்று கறுவிக்கொண்டிருந்தேன்.

தலைவலியும் வந்தது. கண்ணுக்கு முன்னால் பட்டப் பகலில் மின்மினி பறந்தது. ராத்திரி அவர் சாப்பிடும்போது சொன்னேன், "தலை பொளக்குது." அவர் கையைக் கழுவிக்கொண்டே சொன்னார், "ஆமாம், இன்னிக்கு தலை. நாளைக்கு காலு." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். பிறகு நான் சொல்லவில்லை. எத்தனையோ ஒன்றுமில்லாததுக்கெல்லாம் அவரை எழுப்பியிருக்கிறேன். இதையும் சொல்லி, இதுவும் ஒன்றுமில்லை என்று ஆனால், அப்புறம் நான் வாயே திறக்கமுடியாது என்று தோன்றியது. வளையல் இறுகுகிறது என்று சொல்வது அபசகுனம் போலவும் இருந்தது. முந்தானையால் கையை மூடிக்கொண்டேன்.

வளையல்காரர் ஒரு காலை வெயிலில் வந்தார். மூட்டையை இறக்குவதற்கு முன்னாலேயே நான் ஆரம்பித்துவிட்டேன்.

"நாப்பது வருசம் கைய புடிச்சவரு போட்ட லட்சணத்த பாருங்க. ரெண்டே கால்னு சொல்லிட்டு ரெண்டு போட்டுட்டீங்க. காசு தரமாட்டேன்."

அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "யாரு? நானா? என்னையா சொல்ற?" மூட்டையைப் பிரித்து, அதே சிவப்பில், அதே கோடு போட்ட சரத்திலிருந்து ஒன்றை உருவினார். "காட்டு கைய. பக்கத்துல வச்சி பாரு. இது பெருசா, அது சின்னதா? சொல்லு."

முந்தானையை விலக்கி நீட்டினேன். அந்த வளையலை என் கையில் இருந்ததன் மேல் படுக்கவைத்தார். வட்டம் வட்டத்தோடு பொருந்தியது. நூல் அளவு வித்தியாசம் இல்லை.

"வளையல் அதே வளையல் தல்லி." கோபம் இன்னும் குரலில் இருந்தது. "கைதான் வேற கை. இது நான் புடிச்ச கை இல்ல."

அப்போதுதான் நான் என் கையைப் பார்த்தேன். அதுவரை வளையலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். விரல்கள் மாவு உருண்டை மாதிரி இருந்தன. குனிந்து காலைப் பார்க்கப் பார்த்தேன், வயிறு மறைத்தது. உட்கார்ந்து நீட்டினேன். கட்டை விரலால் அமுக்கினேன். குழி விழுந்தது, எழும்பவில்லை.

"கயட்டிடுங்க" என்றேன்.

அவர் பின்னால் நகர்ந்தார். "அய்யய்யோ. புள்ளத்தாச்சி கை வளையல நான் கயட்டினா நாளைக்கு எந்த ஊட்ல என்ன உள்ள விடுவாங்க? உங்க பெரிய மனுஷிங்க யாரையாவது கூப்புடு."

"யாரும் இல்ல."

அவர் கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். வளைகாப்பு அன்றைக்குப் பார்த்த அதே கூடம்தான். மூட்டையைக் கட்டினார். நான் டப்பாவில் எடுத்து வைத்திருந்த பணத்தை எட்டி எடுத்தேன். அவர் வாங்கவில்லை.

"சின்ன வளையல் போட்டான்னு பேரு வாங்கிகினு எனக்கு காசு வேணாம். இந்த ஒண்ண வச்சுக்கோ. புள்ள பொறந்து, கை பழைய கை ஆனப்பறம் போட்டு பாரு. சரியா இருந்துச்சுன்னா, நான் வர்றப்ப குடு." அந்த ஒற்றை வளையலைக் கூடத்தில் வைத்துவிட்டு வெளியே போனார். திரும்பி, "ஒக்காந்துகினே இருக்காத தல்லி" என்றார்.

உட்கார்ந்துகொண்டே இருந்தேன். வீட்டுக்காரர் வரும் மாலை ரயிலுக்கு இன்னும் எவ்வளவோ பொழுது இருந்தது. கையைக் குலுக்கினேன். சத்தம் இல்லை. உள்ளேயும் உதை இல்லை. மறுபடி குலுக்கினேன். என்னிடம் வயிற்றில் இருப்பதோடு பேச அந்த ஒரு பாஷைதான் இருந்தது, அதுவும் போயிற்று என்று நினைத்தவுடன் எழுந்துவிட்டேன்.

மூன்று தெரு. உச்சி வெயில். இரும்புத் துண்டை எடுக்க மறந்தேன். புளியமரத்தடி வழியாகத்தான் போகவேண்டும், போனேன். நடுவில் மின்மினி அதிகமாகி வழி தெரியாமல் யாரோ வீட்டு வாசப்படியில் உட்கார்ந்தேன். செய்யக்கூடாது என்று இத்தனை மாசம் காத்த அத்தனையையும் அந்த ஒரு நடையில் செய்தேன்.

மாமியார் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பினாள். பிறகு சட்டென்று திரும்பவும் பார்த்தாள்.

"இன்னாடி இது? மூஞ்சி இப்டி கீது?"

"வளையல் இறுக்குது அத்தே" என்றேன். வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

முறத்தை அப்படியே போட்டாள். என் கையைத் திருப்பிப் பார்த்தாள், கண் இமையை இழுத்துப் பார்த்தாள். "தலை வலிக்குதா? கண்ணு பூச்சி பறக்குதா?" தலையாட்டினேன். "எத்தினி நாளா?" சொன்னேன். "பாவி, மூணு தெருவுல நான் ஒருத்தி கீறேன்னு தெர்லயா உனக்கு?"

பதில் எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும்.

விளக்கெண்ணெய் தடவி இழுத்துப் பார்த்தாள். ஒன்றும் அசையவில்லை. ஈரத் துணியை என் மணிக்கட்டில் சுற்றி, இரும்பு அரைப்படியைக் கவிழ்த்து மெதுவாக அமுக்கினாள். உள்ளே நொறுங்கியது. "பெருகட்டும்" என்றாள். அடுத்தது. "பெருகட்டும்." ஒவ்வொன்றுக்கும் சொன்னாள். பச்சையும் சிவப்புமாகத் தூள் துணியில் விழுந்தது. கடைசி ஒன்று உடைந்தபோது நான் அழுதேன். அவள் அழவில்லை. "எங்க நாத்தனாரு இப்டித்தான் ஊதினா. புள்ள ஊட்டம்னு சிரிச்சிகினு இருந்தோம். வலிப்பு வந்து, ரெண்டும் போச்சு. எய்ந்துரு, ரயிலு கீது."

ஆஸ்பத்திரிக்குப் போனால் அறுத்துப் போட்டுவிடுவார்கள் என்று நம்புகிற வீடு அது. மாமியார் அதுவரை பட்டணத்து ஆஸ்பத்திரி வாசலை மிதித்ததில்லை. அன்றைக்கு ரயிலில் என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, வழி தெரியாமல் நாலு பேரைக் கேட்டுக் கேட்டு என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தாள்.

அங்கே என் நீரை ஒரு கண்ணாடிக் குழாயில் பிடித்து விளக்கில் சூடு காட்டினார்கள். முட்டை வெள்ளை மாதிரி திரண்டது. டாக்டரம்மா கேட்டார்கள், "கை இவ்வளவு வீங்கறவரைக்கும் யாருக்கும் காட்டலையா?"

"வளையல் சின்னதுன்னு நினைச்சேன்."

அவர்கள் சிரிக்கவில்லை. உப்பு கூடாது, வெளிச்சம் கூடாது, பேச்சு கூடாது என்று சொல்லி, கறுப்புத் துணி கட்டிய ஒரு அறையில் படுக்கவைத்தார்கள். மாமியாரை வாசலோடு நிறுத்திவிட்டார்கள். எங்க வீட்டுக்காரர் வந்தபோது பார்க்கிற நேரம் முடிந்திருந்தது; மறுநாள் கதவிடுக்கில் நின்று பார்த்தார். வாயைத் திறந்தார், பேசக்கூடாது என்று நர்சம்மா விரலைக் காட்டினாள். போய்விட்டார்.

தனிமை எனக்குப் புதுசு இல்லை. ஆனால் வீட்டில் லாரியாவது போகும், கீரையாவது வரும். அந்த இருட்டில் ஒன்றும் இல்லை. மொட்டைக் கையை வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு படுத்திருந்தேன். இது இத்தனை நாள் ஒரு சத்தத்தைக் கேட்டு வளர்ந்தது, இப்போது திடீரென்று நின்றால் அம்மா போய்விட்டாள் என்று நினைக்காதா என்று பயம் வந்தது. தகரக் குவளையை நகத்தால் தட்டினேன். நர்சம்மா வந்து குவளையை எடுத்துக்கொண்டு போனாள். பிறகு கட்டில் இரும்பில், யாருக்கும் கேட்காமல், நகத்தின் நுனியால் தட்டினேன். ரொம்ப நேரம் தட்டினேன். கடைசியில் உள்ளே ஒரு அசைவு. உதைகூட இல்லை. யாரோ தூக்கத்தில் கையை நகர்த்துகிற மாதிரி.

நாள் ஆகும் முன்பே வலி எடுத்தது. பெண். பஞ்சில் சுற்றிக் கொடுத்தார்கள். பஞ்சுதான் அதிகம், பிள்ளை கொஞ்சம். அழும் சத்தம் பூனைக்குட்டி மாதிரி இருந்தது. ஆனால் அழுதது.

வீட்டுக்கு வந்தோம். பிரிந்த வீடு பிரிந்ததுதான். நஞ்சையைப் பற்றி யாரும் பேசவில்லை. மாமியார் காலையில் வந்து, பிள்ளையை நீராட்டி, தொட்டியில் தண்ணீர் நிரப்பிவிட்டு, உட்காராமல் போய்விடுவாள். ஒருநாள் குடத்தை இறக்கும்போது, "பாசி புடிச்ச கல்லு, யாரா இருந்தாலும் வழுக்கும்" என்றாள், என்னைப் பார்க்காமல். அவ்வளவுதான். பகல் மறுபடி நீளமாகவே இருந்தது. அதில் ஒரு சின்ன அழுகை சேர்ந்திருந்தது.

வீக்கம் முழுதும் வடிந்த பிறகு, டப்பாவிலிருந்து அந்த ஒற்றை வளையலை எடுத்தேன். கட்டை விரலை உள்ளே மடக்கினேன். வழுக்கிக்கொண்டு ஏறியது. கையை ஆட்டினால் சுற்றியது, தூக்கினால் இறங்கியது, கழன்று விழவில்லை. ரெண்டே கால்தான். அவர் சொன்னதுதான் சரி.

அதை அவரிடம் சொல்லவேண்டும் என்று வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிள்ளைக்குத் திருஷ்டிக்குப் போடுகிற கறுப்பு வளையலை அவர் கையால்தான் போடவேண்டும் என்று, வேறு ஆட்கள் வந்தபோதும் வாங்கவில்லை. மாசங்கள் போயின. வேறொரு வளையல்காரரை நிறுத்திக் கேட்டேன். "பூந்தமல்லி பெரியவரா? வடக்கேருந்து சரக்கே வர்ல, பாதி பேரு தொழில வுட்டாங்க. எங்க போனாரோ தெர்ல" என்றார். எங்க வீட்டுக்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூந்தமல்லிக்கே நடந்துபோய் விசாரித்துவிட்டு வந்தார். கேலி பண்ணவில்லை. வளையல்காரர் பேரும் எங்களுக்குத் தெரியாது. தல்லி என்று கூப்பிடுவாரே, அவர் என்றால் யாருக்குத் தெரியும்?

மகளுக்கு இப்போது கை என் கையைவிடப் பெரிது. அந்த வளையல் அவளுக்கு ஏறாது. அணாவும் போய்விட்டது, யாரும் வாங்கமாட்டார்கள். ஆனாலும் டப்பாவில் அந்தக் காசு அப்படியே இருக்கிறது. பன்னிரண்டணாவில் அஞ்சு கொடுத்தது போக, அந்த ஒற்றை வளையலுக்கு அவர் விலை சொல்லாததால் அதைச் சேர்க்காமல், ஏழணா.